உபவாச நாளிலும் ஊசி

துர்க்கா பூஜையின் அஷ்டமியன்று புஷ்பாஞ்சலி முடியும்வரை உண்ணாதிருப்பது இக்கொல்கத்தா நகரில் வழக்கம். லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளும் இவ்விரதம் காப்பதுண்டு. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளை அன்று, "அம்மா, சாப்பிடாத நாளில் ஊசி எதற்கு?" என்று வினவக்கூடும்.

கேள்வி நியாயமானதே. ஆயினும் நாம் உண்ணாத வேளையிலும் கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேயிருக்கிறது. அதனைக் கட்டுக்குள் வைப்பது நீடித்துச் செயற்படும் இன்சுலின். 'அடித்தள இன்சுலின்' என்பேன், மொழிபெயர்ப்பாளனின் தொழிற்புத்தி! அது நின்றுவிட்டால் கொழுப்பு சிதைந்து கீட்டோன் அமிலங்கள் பெருகும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு தோன்றும். ஒரே நாளிற்கூட உயிருக்கு ஆபத்து நேரலாம்.

1922-இல் டொராண்டோவில் லெனார்டு தாம்ஸன் என்னும் சிறுவனுக்குச் செலுத்திய இன்சுலின் சில மணி நேரமே வேலை செய்தது. 1936-இல் டென்மார்க்கின் ஹாகெடோர்ன், மீனிலிருந்து பெற்ற புரோட்டமினைச் சேர்த்து அதன் ஆற்றலை நீட்டினார். மீன் விரும்பும் வங்கம் மகிழத்தக்க செய்தி! இன்றைய கிளார்ஜின் ஏறத்தாழ ஒருநாள் முழுதும் காக்கிறது.

உணவுவேளை ஊசியை உணவில்லாதபோது தவிர்க்கலாம், இதனைத் தவிர்க்கலாகாது. விரதத்திற்கு முன்பே மருத்துவரைக் கலந்தால் அளவைக் குறைத்துத் தருவார். சர்க்கரை தாழ்ந்தால் உடனே சர்க்கரை நீர் அருந்தட்டும். அன்னை துர்க்கை கோபிக்கமாட்டாள்.