கணினியில் பெய்யும் கதிர்மழை



அண்டவெளியிலிருந்து விரைந்துவரும் துகளொன்று வளிமண்டல அணுக்கருவில் மோதுகிறது. ஒன்று பலவாகி, பல கோடியாகி நிலத்தில் பொழிகிறது. இம்மழையை 1938இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி பியர் ஓஜே.

எந்த மோதல் எங்கு நிகழுமென்று எவரும் முன்கூட்டிச் சொல்லவியலாது. ஆகவே, ஜேர்மனியின் கார்ல்ஸ்றூஹ நகரில் உருவான 'கோர்சிகா' என்னும் கணினி நிரல், தாயக்கட்டை உருட்டுவதுபோல எழுமாற்று எண்களைக் கொண்டு அம்மழையைப் பெய்விக்கிறது.

உவமையணி கற்பிக்கும் எனக்கு, கணினிமழை உவமானமாகவும் வான்மழை உவமேயமாகவும் தோன்றுகின்றன. ஆர்ஜென்டீனாவில் 3,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் நீர்த்தொட்டிகளை நிறுவி ஆய்ந்தோர், மிகுசக்தி மழைகளில் கணினி கணித்ததைவிட மியூவோன் துகள்கள் அதிகம் வரக் கண்டனர்.

உவமை ஒவ்வாத அவ்விடத்திலேதான் இயற்கை தன் இரகசியத்தை வைத்திருக்கிறது. எங்கே ஒக்கும் என்றே கேட்டுப் பழகிய நாம், எங்கே ஒவ்வாது என்றும் கேட்கப் பழகுவோமாக.