தக்கோலத்தைச் சொல்லும் மூன்று சாசனங்கள்



வீராணம் ஏரியில் 47.50 அடிக்குத் தண்ணீர் நின்றால் இந்த ஊரின் முகம் மலர்கிறது. ஏரிக்குப் பெயர் தந்த வீரநாராயணன், முதலாம் பராந்தக சோழன். வெட்டியது அவன் மகன் இராஜாதித்தனின் படை என்று வழிவழியாகச் சொல்கிறோம். ஆனால் அந்த மகன் உயிர்விட்ட போரை அதிகம் பேசுவதில்லை. தோற்ற போராயிற்றே!

அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலம், கி.பி. 949. எதிரே இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் அவன் மைத்துனன், கங்க அரசன் இரண்டாம் பூதுகனும். இராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். சோழருக்குத் தொண்டை மண்டலம் போயிற்று.

அவனைக் கொன்றது யார்? கிருஷ்ணனின் அம்பு நெஞ்சைத் துளைத்தது என்கிறது சோழரின் ஆனைமங்கலச் செப்பேடு. கர்நாடகத்து ஆதகூர்க் கல்லோ, பூதுகன் அம்பாரியிலேயே குத்திக் கொன்றான், பரிசாக வனவாசி 12,000 முதலிய நாடுகளைப் பெற்றான் என்கிறது. அந்தக் கல் நட்டதே ஒரு வேட்டைநாய்க்காக. காளி என்று பெயர். காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டி, அதையும் கொன்று தானும் செத்தது. ஒரு நாயின் நடுகல்லில் நம் இளவரசனின் சாவும் பதிவாகியிருக்கிறது.

என்னை உலுக்குவது மூன்றாவது, திருவொற்றியூர்க் கல்வெட்டு. இராஜாதித்தனுக்கு உற்ற நண்பனான கேரள வீரன் ஒருவன், போர்க்களத்தில் அவனோடு சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று மனம் உடைந்து, கங்கையாடித் துறவியாகி, சதுரானன பண்டிதர் ஆனான். சோழன் மேல் கொண்ட அந்த அன்பைச் சொல்லும் கல்வெட்டு, அவனை வீழ்த்திய கிருஷ்ணனின் ஆட்சியாண்டில், 959-இல் வெட்டப்பட்டது. எதிரியின் ஆட்சியிலும் அந்தத் துயரத்தை மறைக்கவில்லை.

நம் செப்பேட்டை மட்டும் படித்தவருக்கு இந்தப் போர் பாதிதான் தெரியும். கைபேசியில் வரும் ஒருபக்கத்துப் பெருமையை வரலாறு என்று பகிராதீர்கள். எதிர்த்தரப்பின் கல்லையும் தேடிப் படியுங்கள். இங்கேயே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், சோழ இளவரசன் இரண்டாம் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலம் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. இந்த வாரமே போய், யார் சொல்வதையும் நம்பியிராமல், எழுத்துக் கூட்டி நீங்களே படியுங்கள்.