அச்சுகளின் எல்லை

வரைபு ஒன்றின் அச்சு எங்கே தொடங்கி எங்கே முடிதல் வேண்டும் என்பது அற்பமான வினாவாகத் தோன்றும். கணினியில் நிரல் எழுதி வரைபு வரையும் இந்நாளில் பலர் அதனை ஒரு வினாவாகவே கொள்வதில்லை. எல்லையைக் கருவியே தேர்ந்து தந்துவிடுகின்றது. அத்தேர்வு எத்துணைப் பெரிய செய்தியை மறைத்துவிடக்கூடும் என்பதற்குப் புத்தளத்தை அடுத்த தில்லையடியே சான்றாகும்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். அவர்கள் குடியமர்ந்த ஊர்களுள் தில்லையடியும் ஒன்று. இனி மாவட்டத்தின் குடித்தொகையை நேயர்கள் நோக்குக. 1981 இல் அது ஏறத்தாழ 4 இலட்சத்து 92 ஆயிரம். 2001 இல் 7 இலட்சத்து 10 ஆயிரம். 2012 இல் 7 இலட்சத்து 62 ஆயிரம். 1991 இல் நடந்திருக்க வேண்டிய தொகைமதிப்போ போரினால் நடைபெறவில்லை.

மாணவன் ஒருவன் பைதன் மொழியில், ஜோன் ஹன்டர் ஆக்கிய மட்பிளொட்லிப் என்னும் கருவியைக் கொண்டு இதனை வரைகின்றான் என்று கொள்வோம். அண்மைக்காலமே போதுமென 2001 ஐயும் 2012 ஐயும் மட்டும் அவன் கொடுப்பானாயின், கருவி அவ்விரு புள்ளிகளையும் சுற்றிச் சிறிது இடம் விட்டு எல்லை வகுக்கும். கோடு மூலைக்கு மூலை செங்குத்தாக ஏறும். பார்ப்பவர், மாவட்டம் அப்பொழுதுதான் நிரம்பி வழிந்தது என எண்ணுவர். உண்மையிலோ அக்காலத்துப் பெருக்கம் ஆண்டுக்கு 5 ஆயிரத்திலும் குறைவு. அதற்கு முந்திய இருபது ஆண்டுகளிலே 10 ஆயிரத்துக்கு மேல். சிறியது மலையாகின்றது, பெரியது படத்திலேயே இல்லை!

நிலை அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்கினால் மிகை ஒழியும். சலாகை வரைபுக்கு அது இன்றியமையாதது. சலாகையின் உயரமே அளவன்றோ? ஆயினும் கிடை அச்சு 2001 இல் தொடங்கும்வரை மறைப்பு ஒழியாது.

இங்கே நுட்பமான வேறுபாடொன்று உண்டு. மட்பிளொட்லிப்பில் செட்-எக்ஸ்லிம் என்னும் கட்டளை சாளரத்தைச் சுருக்குவது போன்றது. வெளியே நிற்கும் புள்ளி காணப்படாதேயன்றி அழிவதில்லை. ஆர் மொழியின் ஜிஜிபிளொட்டில் எக்ஸ்லிம் என்பதோ எல்லைக்கு அப்பாற்பட்ட தரவை நீக்கிவிட்ட பின்னரே கணிக்கும். மூன்று புள்ளிகளுக்கும் பொருந்தும் நேர்கோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 9 ஆயிரம் காட்ட, 1981 நீங்கியதும் அதுவே 5 ஆயிரத்துக்குள் இறங்கிவிடும். எச்சரிக்கை வரி ஒன்று தோன்றும். அதனை வாசிப்பவர் சிலரே. பார்வையை மட்டும் சுருக்க விரும்புவோர்க்குக் கோர்ட்-கார்ட்டீசியன் என்ற வேறு கட்டளை உண்டு.

பெருக்கம் முழுவதும் வந்தேறியவர்களால் நேர்ந்ததன்று. பிறப்பும் பிற வரவுகளும் அதில் அடங்கும். ஆகவே கிடை அச்சை 1981 இலிருந்து தொடங்கி, 1990 இல் ஒரு நிலைக்கோடு இட்டு, தொகைமதிப்பு நிகழாத இருபது ஆண்டுகளையும் புள்ளிக்கோட்டால் வரைதலே தக்கது.