அன்னம் பிரித்த பாலும் நீரும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் அம்புகளைக் கூர்தீட்டிக் கொண்டிருக்கும் நண்பர்களே! என் அணித் தோழர்களே! அடுப்பைச் சின்னதாக எரியவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

பழைய ஆடம்பரப் பொருள்களைப் புதுப்பித்துக் காப்பது வரலாற்றுக் கடமையா, வீண் செலவா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி என்ன சொன்னாங்க? "எவனோ ஒரு சீமான் ஏறிப் போன காரு. உங்க தாத்தா ஏறினாரா, எங்க பாட்டி ஏறினாங்களா? அதுக்குப் போய்த் தங்கம் பூசி நிறுத்தி வச்சா நமக்கு என்ன?" என்று கேட்டாங்க. அரங்கம் அதிரக் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். (சிரிப்பு) ஏன்னா, அது நல்ல கேள்வி. ஒரே ஒரு காரை வைத்து அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டு 1910. ஊர் கல்கத்தா. வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியாவுக்கு அதுதான் தலைநகரம். டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்ததே 1911 டிசம்பரில்தான். அந்தக் கல்கத்தாவிலே ராபர்ட் நிக்கோல் மேத்யூசன் என்று ஒரு பொறியாளர். பெரும் பணக்காரர். ஊரில் ஒருத்தனிடமும் இல்லாத கார் தன்னிடம் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இங்கிலாந்தில் லோவெஸ்டாஃப்ட் என்கிற கடற்கரை ஊரில் இருந்த ப்ரூக் கம்பெனியிடம் சொல்லிச் செய்தார். பத்தாயிரம் பவுனுக்கு மேல் செலவானது என்று சொல்வார்கள்.

கார் எப்படி இருந்தது தெரியுமா? முன்பக்கம் முழுக்க ஒரு பெரிய அன்னப்பறவை! தலை, வளைந்த கழுத்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற மார்பு. பின்பக்கம் தாமரைப்பூ வேலைப்பாடு, அதன்மேல் தங்க ரேக்கு. இருட்டினால் அன்னத்தின் கண் இரண்டும் விளக்காக எரியும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் டிரைவரைக் கூப்பிட்டுப் பேச மாட்டார். கப்பலில் கேப்டன் எஞ்சின் அறைக்கு உத்தரவு அனுப்புகிற கருவி இருக்கிறதல்லவா, அதை வைத்து உத்தரவு போடுவார். நம்ம வீட்டிலே அப்படி ஒரு கருவி இருந்தால் யார் கையில் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை! (பலத்த சிரிப்பு)

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இந்த அன்னத்துக்கும் ஓர் ஓசை உண்டு. எஞ்சின் புகையின் வேகத்தில் ஊதுகிற எட்டு ஸ்வர ஹாரன். பின் ஸீட்டில் இருந்தபடி ஆர்மோனியம் மாதிரிக் கட்டைகளை அழுத்தி வாசிக்கலாம்.

இதுவரைக்கும் அழகு. இனிமேல்தான் விஷயம். அன்னத்தின் அலகு எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரோடு இணைக்கப்பட்டிருந்தது. டிரைவர் நினைத்தால் அலகு திறக்கும். நீராவி சீறும். எதற்கு? வழியில் நிற்கிற கூட்டத்தை விலக்க! நடுவர் அவர்களே, அந்தக் காலத்துக் கல்கத்தா வீதியிலே நடந்து போனவன் யார்? மூட்டை தூக்குகிறவன், கூடை சுமக்கிறவள், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறவன். வழி விடுங்கள் என்று கேட்க ஒரு வாய் போதாதா? வாயிலிருந்து நீராவி வர வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. பின்னால் ஒரு வால்வு. அதைத் திறந்தால் சுண்ணாம்புத் தண்ணீர் ரோட்டில் கொட்டும். பறவை எச்சம் போடுகிற மாதிரியாம்! முதல் முறை வீதிக்கு வந்த அன்றைக்கே மக்கள் மிரண்டு ஓடி, போலீஸ் தலையிட வேண்டியதாயிற்று.

நம்ம புலவர்கள் சொன்ன அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். நளனுக்காகத் தமயந்தியிடம் தூது போகும். இந்த அன்னம் எதைப் பிரித்தது? உள்ளே உட்கார்ந்தவனையும் வெளியே நடந்தவனையும் பிரித்தது! (கைதட்டல்)

பிறகு அந்தக் கார் பஞ்சாபிலே நாபா சமஸ்தானத்து ராஜகுடும்பத்திடம் போனது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான் இருந்தது. 1920 வாக்கில் மின்சாரத்தில் ஓடுகிற ஒரு சின்ன அன்னக் காரும் செய்து வைத்தார்கள். அன்னம் குஞ்சு பொரித்துவிட்டது! (சிரிப்பு) ஆனால் அதே நாபா மன்னர் ரிபுதமன் சிங்கை 1923-ல் ஆங்கில அரசு பதவியிலிருந்து இறக்கியது. 1928-ல் அவரைக் கொண்டுவந்து வைத்த இடம் எது? நம்ம கொடைக்கானல்! ஊரை விலக்குகிற கார் வீட்டிலே நின்றது. அந்த வீட்டுத் தலைவரையே ஊரை விட்டு விலக்கிவிட்டார்கள். அதிகாரம் யாருக்கும் சொந்தமில்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

காலப்போக்கில் கார் சீரழிந்து நின்றது. நெதர்லாந்திலே லௌமன் குடும்பத்துச் சேகரிப்புக்காக அதை வாங்கிப் புதுப்பித்தார்கள். இன்றைக்கு ஹேக் நகரத்து லௌமன் அருங்காட்சியகத்தில் தாய் அன்னமும் குஞ்சும் இருக்கின்றன.

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். அதைக் காப்பதால் நமக்கு என்ன? அம்மா, அந்தக் காரில் ஏறினவனுக்காகக் காக்கச் சொல்லவில்லை. அது விலக்கித் தள்ள நினைத்தவனுக்காகக் காக்கச் சொல்கிறேன்! ஏறினவன் பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஒதுங்கி ஓடினவன் பெயர் எங்கேயும் இல்லை. அவன் ஓடினான் என்பதற்குச் சாட்சி எது? அந்த அலகு! அந்த அலகை உருக்கி ஆணி செய்துவிட்டால் சாட்சியும் போச்சு. (கைதட்டல்)

சகோதரி சொன்னதில் ஒரு பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். புதுப்பிக்கிறேன் என்று மினுக்கி, அழகை மட்டும் காட்டி, அவமானத்தைத் துடைத்துவிட்டால், அது வீண் செலவுதான். காசு மட்டுமல்ல, உண்மையும் வீண். சொத்து எழுதின பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, கடன் எழுதின சீட்டைக் கிழித்துப் போடுகிறவனை நாம் நல்ல பிள்ளை என்று சொல்வோமா? ஹேக் நகரத்திலே அந்தக் கதையை மறைக்கவில்லை. தங்க ரேக்குத் தாமரையையும் சொல்கிறார்கள், நீராவியையும் சொல்கிறார்கள், சுண்ணாம்புத் தண்ணீரையும் சொல்கிறார்கள். பார்க்க வருகிற குழந்தை முதலில் "ஐ, எவ்வளவு அழகு!" என்று சொல்லும். அப்புறம், "இந்த வாய் எதுக்குப்பா?" என்று கேட்கும். கேட்கும்போது அப்பன் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? அந்த ஒரு கேள்விக்காகவே அந்தக் காரைக் காப்பாற்றலாம் நடுவர் அவர்களே!

மரத்தில் அன்னத்தைச் செதுக்கின தச்சனின் கைத்திறன் பால். அதை ஏழை மேலே சீற வைத்தவனின் ஆணவம் நீர். இரண்டையும் பிரித்துப் பார்க்கிற அறிவு நமக்கு வேண்டும். ஆனால் இரண்டும் கிண்ணத்திலே இருந்தால்தானே பிரிக்க முடியும்? கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டால் எதைப் பிரிப்பது?

ஆகவே, உள்ளது உள்ளபடி, அழகும் அழுக்கும் சேர்த்துப் புதுப்பித்துக் காப்பது வரலாற்றுக் கடமையே, கடமையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.