விதைக்கிடாவும் தீனியும்

(ஆழ்வார்திருநகரியில் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் நிகழ்த்திய பிரசங்கம்)



விதைநெல்லை விற்றுண்பார் தாமிரபரணிக் கரையில் இல்லை. ஆட்டில் மட்டும் அதையே செய்கிறோம். விரைந்து வளர்ந்த கிடாக்குட்டியை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிவிட்டு, விலைபோகாத நோஞ்சானைப் பொலிகிடாவாக நிறுத்துகிறோம்.

நம் சீமைக் கன்னியாட்டின் உடற்கட்டும் வளர்ச்சியும் பெற்றோர் வழி வருவன. கொழுப்பும் மணமும் பெரிதும் தீனியால் அமைவன. ஆதலின் சிறந்த குட்டியை வித்துக்கு வையுங்கள். அது தன் குட்டிகளோடு சேராதபடி இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுங்கள். மேய்ச்சலோடு அகத்தியும் கடலைப் பிண்ணாக்கும் கொடுங்கள்.

பட்டினியாய் நெடுந்தூரம் ஓட்டிய ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடும். இறைச்சி கறுத்து, விரைவில் கெடும்.

முப்பது பெட்டைக்கு ஒரு கிடா போதும். மூன்று ஆடு வைத்திருக்கும் பதின்மர் கூடி ஒன்று வாங்கலாமன்றோ?