கோப்புகளில் உறங்கும் சான்றுகள்

மார்பகப் புற்றுநோய் என்றதும் பெண்களின் நோய் என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். ஆண்களுக்கும் அது வரும். நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஆண்.

பால்போசிக்லிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. அது பெண்களுக்கு மட்டுமே. ஏனெனில், அம்மருந்தின் சோதனைகளில் ஆண்கள் சேர்க்கப்படவில்லை. ஆண்களுக்கென்று தனியே ஒரு சோதனை நடத்தலாமே என்றால், ஆள் சேர்க்கவே ஆண்டுகள் ஓடிவிடும். முற்றிய புற்றுநோய் அத்தனை காலம் பொறுத்திருக்குமா?

இதற்கிடையில் சில மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் ஆண்களுக்கும் அதனைக் கொடுத்து வந்தனர். யாருக்குக் கொடுத்தார்கள், நோய் தணிந்ததா, பக்கவிளைவு என்ன என்ற விவரமெல்லாம் மருத்துவமனைக் கணினிகளிலும் காப்புறுதிக் கணக்குகளிலும் கிடந்தன. அவை திரட்டி ஆராயப்பட்டன. பெண்களிடம் முறையான சோதனையில் தேறிய மருந்து என்பதும் துணை நின்றது. 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆண்களுக்கும் அனுமதி வழங்கியது.

திரட்டுவது என்னவோ எளிதன்று. இரத்தப் பரிசோதனை முடிவு எண்ணாக இருக்கும், எடுத்துவிடலாம். கட்டி வளர்ந்ததா, சுருங்கியதா என்பது மருத்துவர் அவசரத்தில் எழுதிய ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கும். பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து வாசித்துத்தான் ஆகவேண்டும். நோயாளி வேறு ஊருக்கு மாறிப்போனால் அவருடைய பதிவு பாதியில் நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பதிவுகளில் இருப்பவர்கள் குலுக்கல் முறையில் தேர்வானவர்கள் அல்லர். இந்த மருந்து இவருக்குத் தாங்கும் என்று மருத்துவர் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். 1990களில் இதை மறந்ததற்குக் கொடுத்த விலை அதிகம். மார்பகப் புற்றுநோய்க்கு மிகக் கடுமையான அளவில் மருந்து ஏற்றி, பிறகு நோயாளியின் சொந்த எலும்பு மச்சையையே திரும்பச் செலுத்தும் சிகிச்சை அப்போது பரவியது. செய்துகொண்டவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்ததாகப் பதிவுகள் காட்டின. காட்டாமல் என்ன செய்யும்? தேர்வானவர்களே வயது குறைந்தவர்கள், உடல் வலுவுள்ளவர்கள்!

1999இல் குலுக்கல் முறைச் சோதனைகளின் முடிவுகள் வந்தன. ஐந்தில் நான்கு, வழக்கமான சிகிச்சையைவிட இதனால் பலன் கூடவில்லை என்றன. பலன் உண்டென்று சொன்ன தென்னாப்பிரிக்க ஆய்வு புரட்டு என்பது 2000ஆம் ஆண்டில் அம்பலமானது. அதற்குள் பல்லாயிரம் பெண்கள் அந்தக் கடும் சிகிச்சையைத் தாங்கி முடித்திருந்தனர். சிலர் அச்சிகிச்சையாலேயே மாண்டும் போயினர்.