ரொட்டிக்குள் ஒரு பொம்மை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



இன்னைக்கு மெக்சிகோ நாட்டு இனிப்பு ரொட்டி ஒன்றைப் பற்றிச் சொல்றேன். பேரு 'ரோஸ்கா தே ரேயெஸ்'. குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று அரசர்கள் வந்த நாளாக ஜனவரி 6-ஐ அங்கே கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு வீட்டிலும் அலுவலகத்திலும் இந்த ரொட்டியை வெட்டுவார்கள்.

மைதா, முட்டை, வெண்ணெய், சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, மாவு உப்பியதும் பெரிய வளையமாகச் சுற்றுவார்கள். மேலே பாகில் ஊறிய பழத்துண்டுகளைப் பதித்துச் சுடுவார்கள். உள்ளே சின்னக் குழந்தை பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும். ஏரோது மன்னனிடமிருந்து இயேசுவை மறைத்ததற்கு அது அடையாளம்.

யார் துண்டில் பொம்மை வருதோ, அவங்க பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் 'தமால்' செய்து போடணும். மக்காச்சோள மாவுக்குள் கறியோ மிளகாயோ வைத்து, கதிரின் தோலில் பொதிந்து ஆவியில் வேகவைக்கிற பண்டம் அது. செலவுக்குப் பயந்து பொம்மையை வாய்க்குள்ளேயே மறைக்கிறவங்களும் உண்டுன்னு கேலி பேசுவாங்க!

இருபது பேருக்குப் போடறது ஒருத்தருக்குச் சுமை தானே? அதனால பெரிய ரொட்டியில் பல பொம்மைகள் வைக்கிறாங்க. கிடைத்தவங்க சேர்ந்து செலவைப் பகிர்ந்துக்கிறாங்க. விருந்தும் நிற்காது, ஒருத்தர் தலையிலேயே எல்லாம் விழாது.

நம்ம குழுவிலும் அப்படித்தான். தவணை கட்ட முடியாத மாசம் அதை ஒளிக்காமல் கூட்டத்தில் சொல்லுங்க. சொன்னால்தான் மத்தவங்க தோள் கொடுக்க முடியும்.